எடை கூடிய மார்கழி

அத்தானை நினைக்கும்போது எனக்கு முதலில் தெரிவது அவருடைய முகம் அல்ல, அவருடைய சீருடைக் கால்சட்டையின் இடுப்புப் பித்தான். மருத்துவமனையிலிருந்து அவர் முதல்முறை வீடு திரும்பிய அன்று, உட்லண்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி அந்தக் கால்சட்டையை அணிந்து பார்த்தார். மார்கழி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. வெளியே அந்தப் பருவத்துக்கே உரிய விடாத மழை. பித்தானைப் போட்ட பிறகும் அவருடைய கை முழுதாக இடுப்புக்கும் துணிக்கும் நடுவே நுழைந்தது. கையை உள்ளே விட்டபடியே என்னைப் பார்த்து, "பாத்தியா மாப்ள, இதுல இன்னொரு டிரைவர் உக்காரலாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்றால் அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள்.

அத்தான் என் அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநர். திருமணத்துக்கு முன்பே அந்த வேலையில் சேர்ந்தவர், அறுபதைத் தொட்ட பிறகும் விடவில்லை. பல தடங்களில் ஓட்டியிருந்தாலும் அவருக்குப் பிடித்தது லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை வழியாகப் போகும் தடம். பூக்கடை வாசல்களில் ஆட்கள் சாலைக்குள் இறங்கி நிற்பார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாகக் கடப்பார்கள், லாரிகள் குறுக்கே நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் அந்தத் தடத்தைக் கண்டால் ஓடுவார்களாம். அத்தான் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். "அந்த ரோட்டுல ஓட்டுனாதான் ஓட்டுன மாதிரி இருக்கு லா. மத்ததெல்லாம் தூங்கிட்டே ஓட்டலாம்" என்பார்.

பேருந்து ஓட்டுநர்களுக்குத் தண்ணீரோடு ஒரு பகை உண்டு. ஒரு முனையத்தை விட்டு வண்டி கிளம்பினால் அடுத்த முனையம் வரும்வரை கழிப்பறை கிடையாது. அத்தான் வேலைக்குப் போகும் நாளில் அரைக் குவளைத் தேநீரோடு நிறுத்திக்கொள்வார். தாகம் எடுத்தால் வாயை நனைத்துக்கொள்வார், அவ்வளவுதான். "நாப்பது பேர உக்கார வெச்சிட்டு நான் எங்க இறங்கிப் போறது?" என்று கேட்பார். இந்தப் பழக்கத்தை அப்போது நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நோய் எப்போது வந்தது என்று திரும்பிப் பார்த்தால், அந்தச் சித்திரை மாதம்தான் கண்ணில் படுகிறது. புத்தாண்டு முடிந்த வாரம், பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டியிருக்கிறது. நெஞ்சில் வலி இல்லை. தாடையில் ஏதோ இறுக்கம், கையில் ஒரு கனம். வாயு என்று நினைத்துக்கொண்டு, பயணிகளை முனையம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, முகம் கழுவி, கோப்பிக்கடையில் இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு, அடுத்த நடையையும் ஓட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னார். அக்கா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். மறுநாள் அவர் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் சிறியவை. ஆடியில் சாலை மேம்பாலத்தின் படிகளில் ஏறும்போது பாதியில் நின்று, கீழே ஓடும் வண்டிகளை வேடிக்கை பார்ப்பதுபோலக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். புரட்டாசியில் ஒரு தலையணை இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று. தட்டையாகப் படுத்தால் இருமல் வந்தது. மாலையில் காலணியைக் கழற்றினால் காலுறையின் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. வயசாகிவிட்டது என்று அவர் சொன்னார், வாயு என்று அக்கா சொன்னாள். தீபாவளி கழிந்து இரண்டாவது வாரம், முனையத்தில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முயன்றவருக்கு மூச்சு திரும்பவில்லை. சக ஓட்டுநர் ஒருவர் ஆம்புலன்ஸை அழைத்தார்.

மருத்துவமனையில் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். தன் இதயம் திரையில் அசைவதை அத்தான் தானே பார்த்தார். மருத்துவர் ஒரு சீன இளம்பெண். பொறுமையாக ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். முன்பே ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறது. அத்தானைப்போல நீரிழிவு உள்ளவர்களுக்கு அது சில சமயம் வலி காட்டாமலே வரும். அதில் தசையின் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது. மிச்சமிருக்கும் தசையால் ரத்தத்தைப் போதிய விசையோடு தள்ள முடியவில்லை. அதனால் உடம்பு உப்பையும் தண்ணீரையும் தேக்கி வைத்துக்கொள்கிறது. கால் வீங்குகிறது, நுரையீரல் நனைகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சித்திரை மாதத்து இஞ்சித் தேநீர் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருந்தது.

தமிழில் அச்சிட்ட ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். அதன் அட்டையில் 'இதயச் செயலிழப்பு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்ததும் அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இதயம் நின்றுபோயிற்று என்றே அவள் புரிந்துகொண்டாள்.

"நின்னு போச்சுன்னா நான் எப்படிடி இங்க உக்காந்து உன்கிட்ட திட்டு வாங்கிட்டிருக்கேன்?" என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்ஜின் ஓடுது மாப்ள. பிக்கப் இல்ல. மேடு ஏறாது. இவ்வளவுதான் அந்த டாக்டரம்மா சொன்னது" என்றார். அந்த நோயைப் பற்றி அதற்குப் பிறகு நான் நிறையப் படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எங்கும் பார்க்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மறுபடி எப்போது வண்டி எடுக்கலாம்? மருத்துவர் இப்போதைக்குக் கூடாது என்றார். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டால் சிலருக்கு இதயம் ஓரளவு வலுவைத் திரும்பப் பெறும், ஆறேழு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அப்போது பேசுவோம் என்றார். அத்தான் அதைத் தேர்வுத் தேதிபோல எடுத்துக்கொண்டார். உடம்பைத் தேற்ற வேண்டும், ஸ்கேனில் தேற வேண்டும், வண்டியில் ஏற வேண்டும். மிச்சமிருந்த வாழ்க்கையை அவர் அப்படித்தான் வரிசைப்படுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு தாதி ஒருவர் வந்து அக்காவிடமும் அத்தானிடமும் பேசினார். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். இந்த ஊர் வழக்கப்படி அக்கா அவரை 'மிஸ்ஸி' என்றே அழைத்தாள். நான் அப்போது அங்கே இல்லை. அக்கா பிற்பாடு பலமுறை சொல்லக் கேட்டதால் அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"அங்கிள், காலைல எந்திரிச்சு, பாத்ரூம் போயிட்டு வந்து, காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி எடை பாருங்க. தினமும். ரெண்டு மூணு நாளுக்குள்ள ரெண்டு கிலோ கூடுச்சுன்னா எனக்கு உடனே கால் பண்ணுங்க. தண்ணி சேருதுன்னு அர்த்தம். ஒரு நாளைக்கு இந்தப் பாட்டில் அளவுதான் தண்ணி. ஆன்ட்டி, ரசமும் தண்ணிதான், மோரும் தண்ணிதான், கஞ்சியும் தண்ணிதான், சேத்துக்கணும். உப்பு, ஊறுகாய், கருவாடு, சோயா சாஸ் எதுவும் வேணாம். இந்த மாத்திரை தண்ணிய வெளிய எடுக்குற மாத்திரை. நாலஞ்சு தடவ பாத்ரூம் போவீங்க, பரவால்ல. காலைல போட்டுருங்க, விட்டுராதீங்க."

எல்லாவற்றையும் மிஸ்ஸி சொல்லியிருந்தார். அக்காவும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எடை பார்க்கும் கருவி வாங்கினாள். குளிர்பதனப் பெட்டியின் கதவில், மளிகைக்கடையில் கொடுத்த நாட்காட்டியை ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய எடையை எழுதினாள். முதல் வாரம் மிஸ்ஸி தொலைபேசியில் அழைத்தபோது, "ஏறவே மாட்டேங்குது மிஸ்ஸி, அப்படியேதான் நிக்குது" என்று சங்கடத்தோடு சொன்னாள். "ரொம்ப நல்லது ஆன்ட்டி" என்றார் அவர். நம் மனசு கஷ்டப்படக்கூடாது என்று சொல்கிறார், பாவம், நல்ல பெண் என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

இதைப் புரிந்துகொள்ள அக்காவை அறிந்திருக்க வேண்டும். அவளுக்கு ஒரே மகள், இப்போது மெல்பர்னில் இருக்கிறாள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாதாமாதம் மருத்துவ நிலையத்துக்குப் போய்த் தராசில் கிடத்துவாள். எடை கூடியிருந்தால் அங்கிருந்த மிஸ்ஸி சிரிப்பார், கூடாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். தராசைப் பற்றி அக்கா கற்றது அதுதான். எங்கள் உறவிலும் நட்பிலும் வேறு விதமாகக் கற்றவர்கள் யாரும் இருந்ததில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே சொல்லும் முதல் வார்த்தை "இளைச்சுட்டீங்களே" என்பதுதான். இரண்டாம் முறை வரும்போது சொல்ல வேண்டிய வார்த்தை "தேறிட்டீங்க". இந்த இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் சதை போட்டுக்கொள்ள வேண்டியது நோயாளியின் கடமை. கொண்டுவந்து ஊட்ட வேண்டியது மற்றவர்களின் கடமை.

அத்தான் உண்மையிலேயே இளைத்துத்தான் போயிருந்தார். மருத்துவமனையில் அவர் உடம்பிலிருந்து எட்டுக் கிலோ அளவுக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது. வீக்கத்துக்கு அடியில் எத்தனை மெலிந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஹார்லிக்ஸ், மைலோ, கோழிச் சாறு பாட்டில்கள், அட்டைப்பெட்டியில் ஆரஞ்சுச் சாறு என்று மேசை நிறைந்தது. அக்கா முதலில் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பூட்டைத் திறக்க வைத்தவர் அத்தானின் அக்கா. பொங்கோலில் மகன் வீட்டில் இருக்கிறார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பார்க்க வந்த அன்று தம்பியின் தட்டில் இருந்த உப்பில்லாத கீரையையும் இட்லியையும் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்த்தார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இத நாய் திங்குமா? முப்பது வருசம் சம்பாதிச்சுப் போட்டானே, அவனுக்கு ஒரு கல்லு உப்புப் போட உனக்கு மனசு வரல. என் தம்பிய ஆஸ்பத்திரியில கொல்லல, நீ பட்டினி போட்டுக் கொல்லப் பாக்குற."

"இல்ல அண்ணி, மிஸ்ஸிதான் சொன்னாங்க…"

"மிஸ்ஸிக்கு என்ன தெரியும்? சின்னப் புள்ள. பாரு, எலும்பு எண்ணலாம் போல இருக்கு. இந்த உடம்போட அவன் எப்படி பஸ் ஓட்டுவான்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அக்காவை வீழ்த்தியது. அத்தானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஸ்டியரிங் பிடிக்கத் தெம்பு வேண்டும் என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை. மறுநாள் காலை தேக்கா சந்தைக்குப் போய் ஆட்டுக்கால் வாங்கி வந்தாள் அக்கா. மிளகு போட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, உப்பும் போட்டு, ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டபோது, கல்யாணத்தன்று இருந்ததுபோல இருந்தது அவர் முகம் என்று சொன்னாள்.

சூப் தினமும் தொடர்ந்தது. எடை ஏறத் தொடங்கியது. மிஸ்ஸி எச்சரித்ததை அக்கா மறந்துவிடவில்லை. தண்ணீர் சேர்ந்தால் கால் வீங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே தினமும் அவர் கால்களைப் பார்த்தாள். கால் மெலிவாகவே இருந்தது. சிலருக்குத் தண்ணீர் முதலில் வயிற்றில்தான் தேங்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. கால் வீங்காமல் எடை கூடினால் அது சதை, அது சோறு, அது தன் கையால் போட்டது என்று அவள் நம்பினாள். ஒட்டியிருந்த கன்னம் நிரம்பியது. எடை கூடினால் அழைக்கச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் நல்ல சேதி சொல்வதற்காக வேலையில் இருக்கும் பெண்ணைத் தொந்தரவு செய்யலாமா என்று விட்டுவிட்டாள்.

அத்தான் தன் பங்குக்கு இன்னொன்று செய்தார். அந்த நாட்களில் அவர் வெளியே போக ஆரம்பித்திருந்தார். பொங்கலுக்கு முந்திய வாரங்களில் லிட்டில் இந்தியா முழுவதும் கரும்பும் பானையுமாக இருக்கும். மாடுகளைக்கூடக் கொண்டுவந்து கட்டியிருப்பார்கள். பேருந்தில் ஏறி, தன் பழைய தடத்திலேயே போய், கேம்பல் லேனில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். அப்படிப் போகும் நாட்களில் தண்ணீர் மாத்திரையைப் போடுவதில்லை. நடுவழியில் முட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? முப்பது ஆண்டுப் பழக்கம். அவரைப் பொறுத்தவரை அது மருந்தை விடுவது ஆகாது, பயணத்துக்குத் தயாராவது.

ஆங்கிலப் புத்தாண்டு கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மதிய உணவுக்கு அழைத்திருந்தார்கள். அத்தான் அறைக்குள் போய்ச் சீருடையை அணிந்துகொண்டு வந்தார். கால்சட்டையின் பித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட வேண்டிய அளவுக்கு இறுக்கமாக இருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு விரல்கூட நுழையவில்லை. பொங்கோல் அக்கா கை தட்டினார், எல்லாரும் தட்டினோம். "அடுத்த ஸ்டாப் தேக்கா! இறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க!" என்றார் அத்தான். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பில் வாங்குகிறது என்று நினைத்தோம்.

பொங்கலுக்கு மூன்று நான்கு நாட்கள் இருக்கும்போது மிஸ்ஸி அழைத்தார். நான் ஏதோ கொடுக்க வந்து அங்கே உட்கார்ந்திருந்தேன். அத்தான் நாற்காலியில் சாய்ந்து கண் மூடியிருந்தார். கட்டிலில் படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று இரண்டு நாட்களாக அங்கேயே தூங்குகிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள். அக்கா தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தினாள். நல்ல சேதியை எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அங்கிள் எடை எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"நல்லா ஏறியிருக்கு மிஸ்ஸி!" அக்காவின் குரலில் அத்தனை பெருமை. "நீங்க அன்னிக்குப் பாத்த ஆளே இல்ல. அஞ்சு கிலோ கூடிருச்சு. நீங்க வந்து பாத்தா அசந்துருவீங்க."

தொடர்பு விட்டுப்போயிற்று என்று நினைத்து அக்கா, "ஹலோ, ஹலோ" என்றாள்.

"ஆன்ட்டி," மிஸ்ஸியின் குரல் இப்போது மிக மெதுவாக வந்தது. "அங்கிள் படுத்துத் தூங்குறாங்களா, உக்காந்து தூங்குறாங்களா?"

அக்கா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேசுறப்ப மூச்சு வாங்குதா? வயிறு கெட்டியா இருக்கா? பயப்படாதீங்க ஆன்ட்டி. கிளம்பி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வந்துருங்க. இப்பவே."

"அது தண்ணி இல்ல மிஸ்ஸி," என்றாள் அக்கா. "சோறு. நான் போட்ட சோறு மிஸ்ஸி அது."

அந்த ஆண்டுப் பொங்கல் எங்களுக்கு மருத்துவமனையில் போயிற்று. ஊசி வழியாக மருந்து ஏற ஏற, கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பை நிரம்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அதை அளந்து எடுத்துப் போகும்போதும் அக்கா அதையே பார்த்தாள். அவள் கொதிக்கவைத்த சூப், மைலோ, ரசம் எல்லாம் அந்தப் பையில் இறங்கிக்கொண்டிருந்தன. மிஸ்ஸி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அக்காவின் கையைப் பிடித்து அத்தானின் வயிற்றின் மேல் வைத்து, அது எப்படி விறைத்திருக்கிறது என்று காட்டினார். சில நாட்கள் கழித்து மறுபடி வைத்து, எப்படி இளகியிருக்கிறது என்று காட்டினார். "எங்க ஊர்லயும் இப்படித்தான் ஆன்ட்டி. எங்க அப்பாவுக்கு எங்க அம்மா இதேதான் செஞ்சாங்க" என்றார். அது உண்மையா, அக்காவுக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது.

அத்தான் மறுபடி எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். இம்முறை அக்கா வேறு ஆளாக இருந்தாள். சமையலறையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துக் கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பார்க்க வருகிறவர்களிடம், "வெறுங்கையோட வாங்க, இல்லாட்டி வராதீங்க" என்று தொலைபேசியிலேயே சொன்னாள். தண்ணீரைச் சிறிய குவளையில் அளந்து ஊற்றினாள். வெளியே போகும் நாளில் மாத்திரையை விடக்கூடாது என்று மிஸ்ஸி ஒரு வழி சொல்லியிருந்தார். திரும்பி வந்து மத்தியானம் போட்டுக்கொள்ளலாம், நேரம் தள்ளினால் பரவாயில்லை, விடத்தான் கூடாது. இத்தனை எளிதான பதில் இருந்தது, கேட்கத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.

பொங்கோல் அக்கா வந்து, தம்பியின் கழுத்தெலும்பைப் பார்த்துவிட்டு மறுபடி வாயெடுத்தார். அத்தான் அவரைப் பேசவிடவில்லை. "அக்கா, இவ என்னப் பட்டினி போடல. என்ன உலர்த்துறா. நனைஞ்ச துணிய மூங்கில்ல போட்டு ஜன்னலுக்கு வெளிய நீட்டி வெக்கிற மாதிரி. காய்ஞ்சாதான மாட்டிக்க முடியும்?" என்றார். பொங்கோல் அக்கா சிரித்தார், பிறகு அழுதார். அன்று அந்த உப்பில்லாக் குழம்பைத் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆடியில் இரண்டாவது ஸ்கேன். அக்காவோடு நானும் போயிருந்தேன். அத்தான் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர்போல வந்தார். மருத்துவர் திரையை நீண்ட நேரம் பார்த்தார். முன்னேற்றம் இருக்கிறது, கொஞ்சம் என்றார். சொந்தக் காரைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம். பேருந்து இனி வேண்டாம். ஓட்டும்போது இதயத் துடிப்பு தடுமாறினால், பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து என்றார். அத்தானுக்கு அவருடைய ஆங்கிலம் நன்றாகவே புரியும். ஆனாலும் என்னைப் பார்த்து, "ஆள் ஏத்தாம ஓட்டுறேன்னு சொல்லு மாப்ள. காலி வண்டி. ஒரே ஒரு ட்ரிப்" என்றார். அதை மொழிபெயர்க்கச் சொல்கிறாரா, வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சரி, விடு" என்றார் அத்தான்.

அவர்கள் இருவரும் வெளியே போன பிறகு மருத்துவரிடம் நான் ஒன்று கேட்டேன். மார்கழியில் அப்படி ஆகாமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? தசை செத்தது அதற்கு வெகுநாள் முன்பு, அதை யாரும் மாற்றியிருக்க முடியாது என்றார். பிறகு, ஒவ்வொரு முறை இப்படித் தண்ணீர் சேர்ந்து படுக்கும்போதும் இதயம் கொஞ்சம் இழக்கும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றார். இந்தப் பதிலில் முதல் பாதியை மட்டும் நான் அக்காவிடம் சொன்னேன்.

அதன் பிறகு ஓர் ஆண்டு அத்தான் இருந்தார். நல்ல ஆண்டு என்றே சொல்ல வேண்டும். காலையில் எடை, மாத்திரை, கீழே குடியிருப்பு பிளாக்கைச் சுற்றி ஒரு மெதுவான நடை. மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் பேருந்தின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரியும் ஓட்டுநரைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒருமுறை சிராங்கூன் சாலையில் வண்டி கிளம்பும் நேரத்தில், பூப்பையோடு ஓடி வந்த ஒரு பெண்ணைக் கண்டு, "பாஸ், ஒரு ஆன்ட்டி வர்றாங்க" என்று குரல் கொடுத்து நிறுத்தினார். "இன்னிக்கு ஒரு டிக்கெட் ஏத்திட்டேன் மாப்ள" என்றார் என்னிடம். அடுத்த ஆடியில் சளிக் காய்ச்சல் வந்து, அது நெஞ்சில் இறங்கி, மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் போய்விட்டார். கடைசிவரை அக்கா உலர்த்தியபடியே, கால் வீங்காமல், வயிறு இளகித்தான் இருந்தார்.

சென்ற தீபாவளி எங்களுக்குத் தீபாவளி இல்லை. முதல் நாள் மாலைப் படையல் மட்டும் இருந்தது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்தின் முன் இலையில் வைக்க வேண்டும். கீழே கோப்பிக்கடையில் தே தாரிக் தேநீர் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே நான் கொண்டுவந்தேன். கருவாட்டுத் தொக்கு, வறுத்த நெத்திலி, ஆட்டுக்கால் சூப் என்று அக்காவும் பொங்கோல் அக்காவும் காலையிலிருந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் உப்பு இல்லை. பொங்கோல் அக்காதான் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தார்.

சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா உப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பானையின் மேல் நீட்டியபடி நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

"அண்ணி," என்றாள், திரும்பாமல். "அந்த மார்கழியில நான் இத வெக்காம இருந்திருந்தா, அவரு ஒரு தடவையாச்சும் பஸ் எடுத்திருப்பாரா?"

முன்பு சொன்ன அந்த முதல் பாதிப் பதிலையே நான் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். பொங்கோல் அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"எடுத்திருப்பானோ என்னவோ, யாருக்குத் தெரியும்? வெச்சது நீ, வெக்கச் சொன்னது நான். குடிச்சது அவன், சப்புக்கொட்டிக் குடிச்சான். மூணு பேரும் சேந்துதான செஞ்சோம்" என்றார். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தாழ்த்தினார். "போடுடி. இனிமே அவன் எடை பாக்க வேணாம்."

அக்கா கையைத் திறந்தாள்.

படையல் சமையலை முன்கூட்டிச் சுவைத்துப் பார்ப்பதில்லை. உப்பு கூடியதா குறைந்ததா என்று தெரியாமலே எல்லாவற்றையும் இலையில் பரிமாறினார்கள். சூடம் ஏற்றினோம். கடைசியாகத் தண்ணீர் வைக்க வேண்டும். ஒன்றரை ஆண்டாக அவருக்கு அளந்து கொடுத்த சிறிய குவளையை எடுக்கத்தான் அக்காவின் கை முதலில் போயிற்று. அதை விட்டுவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய செம்பை இறக்கினாள். குழாயடியில் பிடித்து விளிம்புவரை நிரப்பினாள். தளும்பத் தளும்ப இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து இலையின் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. சிந்தியதை யாரும் துடைக்கவில்லை.